பத்து ஷில்லிங்கும் ஒரு பொய்ப்பெயரும்: 'இம்பூபே' பாடலின் நிகழ்வு ஆய்வு

1939-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவான ஒரு ஜூலு மொழிப் பாடல், வேறு பெயரிலும் வேறு சொற்களிலும் 1961 டிசம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற அந்தப் பாட்டு இன்றும் உலகம் முழுக்க ஒலிக்கிறது. அதன் மூலத்தை ஆக்கிய சாலமன் லிண்டா அடுத்த ஆண்டே இறந்தார். அப்போது அவருடைய வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை.

பத்து ஷில்லிங் கொடுத்து ஓர் ஏழைப் பாடகரை ஏமாற்றிவிட்டார்கள் என்றே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் அரை உண்மை. அதைவிடப் பெரிய இழப்பு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் நேர்ந்தது. பெயருள்ள ஒருவரின் ஆக்கத்தை யாருக்கும் சொந்தமில்லாத நாட்டுப்பாடல் என்று பதிவு செய்ததே அந்த இழப்புக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். இந்த ஆய்வு அந்தக் கோணத்திலிருந்து எழுதப்படுகிறது. பாடகரின் மனைவியும் மகள்களும் பொதுவாழ்வில் இருந்தவர்கள் அல்லர் என்பதால் அவர்களுடைய பெயர்கள் இங்கே இல்லை.

பின்னணி

லிண்டா 1909-இல் நேட்டால் மாகாணத்தின் ம்சிங்கா பகுதியில் பிறந்தார். மாடு மேய்த்து வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் தேவாலயப் பாடல்களைக் கேட்டார். திருமண வீடுகளில் பாடினார். 1930களின் தொடக்கத்தில், அந்தப் பகுதியின் ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் போல, வேலை தேடி ஜோகன்னஸ்பர்க்குக்குப் போனார்.

அந்த நகரத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆண்களுக்கான விடுதிகளில் அடைந்து வாழ்ந்தார்கள். வார இறுதியில் குழுப் பாடல் போட்டிகள் விடிய விடிய நடக்கும். லிண்டாவின் 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' குழு கோடு போட்ட சூட்டும் தொப்பியும் அணிந்து மேடையேறியது. நகரத்தில் எடுபிடிகளாக நடத்தப்பட்டவர்கள் மேடையில் கனவான்களாக நின்றார்கள். குழுவில் ஆறு பேர். கட்டைக்குரல்காரர்களைப் பெருக்கி அடித்தளம் அமைத்து, அதற்கு மேலே லிண்டா தன் பொய்க்குரலில், அதாவது இயல்பான குரலுக்கு மேலே எழும் மெல்லிய குரலில், உச்சத்தில் பாடுவார். இந்த அமைப்பு அவர் கையில்தான் உருப்பெற்றது என்று தென்னாப்பிரிக்க இசை வரலாறு பதிவு செய்கிறது. பின்னாளில் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு உலகுக்கு எடுத்துச் சென்ற பாணியின் வேர்களில் ஒன்று இது.

1930களின் இறுதியில் காலோ ஒலிப்பதிவு நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலையில் தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கும் வேலை லிண்டாவுக்குக் கிடைத்தது. அங்கிருந்துதான் அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் போனார்.

ஒலிப்பதிவும் விலையும்

பதிவை நடத்தியவர் கிரிஃபித்ஸ் மொட்சியெலோவா. காலோவில் கறுப்பினக் கலைஞர்களைக் கண்டெடுத்துத் தந்த இசைஞர். பாடலின் பெயர் 'இம்பூபே', அதாவது சிங்கம். மாடு மேய்த்த நாட்களில் சிங்கத்தை விரட்டிய நினைவு அதன் கரு. சொற்கள் மிகக் குறைவு. கட்டைக்குரல்கள் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்ல, லிண்டா மேலே இழைந்துகொண்டிருப்பார். மூன்றாவது முறை பாடியபோது, பதிவு முடியும் தறுவாயில், அவர் அந்த இடத்திலேயே ஒரு மெட்டைப் புனைந்தார். ஒத்திகையில் இல்லாத சில வினாடி இசை அது. அமெரிக்கர்கள் பிற்காலத்தில் ஆங்கிலச் சொற்களை ஏற்றியது அந்தச் சில வினாடிகளின் மேல்தான். ஆகவே 'அவர் பாடியது ஒரு பழைய மெட்டு' என்ற வாதத்துக்கு இடமே இல்லை.

தட்டு நன்றாக விற்றது. 1940களின் முடிவுக்குள் ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பிரதிகள் போயின. அந்தப் பாணிக்கே 'இம்பூபே' என்று பெயர் வந்தது. லிண்டா ஜூலுத் தொழிலாளர்களிடையே பெரிய நட்சத்திரமானார். பாட்டின் உரிமைக்காக அவர் பெற்றது பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுண்டு.

அவர் ஏன் ஒப்புக்கொண்டார்? இந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்பவர்கள் அன்றைய நிலையை மறந்துவிடுகிறார்கள். தட்டு வெளிவருவதே பெரும்பேறு. அந்தப் புகழால் போட்டி மேடைகளில் கூட்டம் கூடும். கறுப்பினக் கலைஞர்களுக்கு விற்பனைப் பங்கு தரும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. கூலி கொடுக்கும் முதலாளியும் பாட்டை வாங்கும் முதலாளியும் ஒருவரே என்ற நிலையில் பேரம் பேசுவது எப்படி? கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி.

அட்லாண்டிக்கின் மறுகரையில்

காலோ அனுப்பிய தட்டுகளில் சில அமெரிக்காவில் டெக்கா நிறுவனத்தில் கிடந்தன. நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவற்றை எடுத்துத் தன் நண்பரான பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் 'இம்பூபே'யைக் கேட்டு மயங்கினார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். 'உயிம்பூபே' என்று கட்டைக்குரல்கள் சொன்னது அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அந்தப் பெயரிலேயே அவருடைய வீவர்ஸ் குழு 1951-இல் பாட்டைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு அது விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதே 1952-இல் குழுவினர் கம்யூனிஸ்டுகள் என்ற சாட்சியத்தால் வானொலியும் மேடைகளும் அவர்களுக்கு மூடப்பட்டன.

இந்த இடத்தில்தான் ஆய்வின் மையமான முடிவு எடுக்கப்பட்டது. வீவர்ஸ் குழுவின் பாடல்களை வெளியிட்ட ரிச்மண்ட் நிறுவனம், தட்டின் மேல் ஆசிரியராக 'பால் கேம்பெல்' என்று போட்டது. அப்படி ஒரு மனிதர் கிடையாது. ஆசிரியர் தெரியாத பழம்பாடல்களுக்குப் புதிதாக இசை அமைக்கும்போது, எழுத்தாளர் பங்காக வரும் ராயல்டியை வெளியே விடாமல் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள அவர்கள் வைத்திருந்த பொதுப் புனைபெயர் அது. யாரும் உரிமை கோராத ஒரு பழைய கப்பல் பாட்டுக்கு அப்படிச் செய்தால் எவருக்கும் நட்டமில்லை. 'இம்பூபே' அப்படிப்பட்டதா? அதன் தட்டின் மேலேயே பாடகரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பதிவு செய்த நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் உயிரோடு இருந்தார்.

ஆப்பிரிக்காவிலிருந்து வருவது எல்லாமே இனக்குழுவின் கூட்டுச் சொத்து, தனி ஆளின் ஆக்கமாக இருக்காது என்ற எண்ணம் அன்றைய அமெரிக்க இசை உலகில் ஆழமாக ஊறியிருந்தது. முற்போக்காளர்களும் அதற்கு விலக்கல்ல. சீகர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். ஆசிரியர் இருப்பது தெரிந்ததும் தன் பங்கை அவருக்கு அனுப்பும்படி பதிப்பாளரிடம் சொன்னார். ஆயிரம் டாலர் காசோலை ஒன்றும் அனுப்பினார். அதன் பிறகு பணம் போகிறது என்று நம்பி இருந்துவிட்டார். முறையான ஒப்பந்தம் ஒன்றை அப்போதே வற்புறுத்தாமல் விட்டதற்காகப் பல ஆண்டுகள் கழித்து வருந்தினார். நல்லெண்ணம் ஒப்பந்தமாக எழுதப்படாததால் குடும்பத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

காலோ நிறுவனம் சும்மா இருக்கவில்லை. பாட்டு தங்களுடையது என்று ரிச்மண்டிடம் கேட்டது. ஆனால் 'இம்பூபே'யை அமெரிக்காவில் அது பதிவு செய்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு நிறுவனங்களும் சமரசமாயின: அமெரிக்க உரிமை ரிச்மண்டுக்கு, ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் 'விமோவே'யை நிர்வகிக்கும் உரிமை காலோவுக்கு. லிண்டா தன் உரிமையை மாற்றிக் கொடுத்த எழுத்துப் பத்திரமும் அந்த 1952-ஆம் ஆண்டுக்கு உரியதே. பாட்டு வெளிநாட்டில் காசு பார்க்கத் தொடங்கிய நேரத்தில்தான் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

1961

புரூக்ளினைச் சேர்ந்த தி டோக்கன்ஸ் குழுவின் இளைஞர்கள் 'விமோவே'யைப் பாடி ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹியூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் என்ற தயாரிப்பாளர்களிடம் வாய்ப்புக் கேட்டார்கள். தயாரிப்பாளர்களுக்கு மெட்டு பிடித்திருந்தது; சொற்கள் வேண்டியிருந்தன. ஜார்ஜ் டேவிட் வைஸ் என்ற தேர்ந்த பாடலாசிரியரை அழைத்தார்கள். அவர் லிண்டாவின் இறுதி வினாடி மெட்டை முன்னுக்குக் கொண்டுவந்து, உறங்கும் சிங்கத்தைப் பற்றிய எளிய ஆங்கில வரிகளை அதில் பொருத்தினார். தொழில்முறையில் அருமையான வேலை. அதை மறுக்க நான் விரும்பவில்லை. இந்தப் பாட்டை உலகப் பாட்டாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் பெயர்ப்பட்டியலில் வைஸ், பெரெட்டி, கிரியேட்டோர் மூவரும் இருந்தார்கள், லிண்டா இல்லை. இது நாட்டுப்பாடல் என்ற நம்பிக்கையில் தொடங்கியவர்களை ரிச்மண்ட் நிறுவனம் உடனே மறித்தது. அங்கும் ஒரு சமரசம்: பதிப்புரிமை ரிச்மண்டுக்கு, எழுத்தாளர் பங்கு மூவருக்கு. 'பால் கேம்பெல்' என்ற பொய்ப்பெயரைக் காக்க வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மூல ஆசிரியருக்காகப் பேச அந்த அறையில் யாரும் இல்லை.

வீட்டில் நடந்தது

இதே ஆண்டுகளில் லிண்டா தன் குடும்பத்தோடு சோவெட்டோவில் வாழ்ந்தார். சோளக்கூழும் கோழியின் பாதமும் உண்டு வளர்ந்த பிள்ளைகள் அவருடையவர்கள். அவர் மேடையில் சுருண்டு விழுந்தபோதுதான் சிறுநீரக நோய் தெரியவந்தது. 1962-இல் இறந்தார். அவருடைய கல்லறைக்கு ஒரு கல் நட மனைவிக்கு 18 ஆண்டுகள் பிடித்தன.

கையெழுத்துகள்

மனைவியிடம் 1983-இலும் மகள்களிடம் 1992-இலும் கையெழுத்து வாங்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி பழைய பதிப்புரிமை 28 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் உரிமை ஆசிரியரின் வாரிசுகளுக்கு உண்டு. அந்த உரிமையைத்தான் அவர்கள் ரிச்மண்ட் தரப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாரிசுகளின் கையில் உண்மையான பேரம் பேசும் பலம் இருந்த ஒரே தருணம் அதுதான். அந்தத் தாள் தங்களுக்கு என்ன தருகிறது, தங்களிடமிருந்து எதை எடுக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச்சொல்ல அவர்கள் தரப்பில் ஆள் இல்லை.

1990களின் தொடக்கத்தில் ரிச்மண்டுக்கும் வைஸுக்கும் இடையே உரிமைச் சண்டை வந்து, விவகாரம் நடுவர்களிடம் போனது. வைஸ் வென்றார். மேடைகளிலும் ஒலிபரப்பிலும் வரும் எழுத்தாளர் பங்கில் பத்து விழுக்காட்டை லிண்டாவின் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. திரைப்படத்துக்கு உரிமம் கொடுத்தால் வரும் பெரும்பணம் அதில் சேராது. மிகச் சரியாக அந்தச் சமயத்தில், 1994-இல், டிஸ்னியின் 'தி லயன் கிங்' வந்தது. 1997 முதல் அதன் மேடை நாடகமும் ஓடத் தொடங்கியது. இரண்டிலும் இந்தப் பாட்டு இருந்தது.

கணக்கு வெளிவருகிறது

2000-இல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரியான் மலான் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். 'லயன் கிங்' பயன்பாட்டால் மட்டும் பாட்டு 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். கட்டுரையின் பலம் அந்தத் தொகையில் மட்டும் இல்லை. காலோ, ரிச்மண்ட், வைஸ் என்று ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு, ஒவ்வொரு தாளும் எந்த ஆண்டில் எந்தக் கைக்குப் போனது என்ற சங்கிலியை முதன்முறையாக முழுமையாக அவர் எழுதிவைத்தார். வழக்கு நடத்த அதுவே அடித்தளமானது. அடுத்த ஆண்டு லிண்டாவின் மகள்களில் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

ஒரு பழைய சட்ட விதி

இனி சட்டப் பகுதி. இதில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பிடி இங்கேதான் இருந்தது.

லிண்டா எழுதிக் கொடுத்தார், மனைவி எழுதிக் கொடுத்தார், மகள்களும் எழுதிக் கொடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்குக்கு வழியே இல்லை. பதிப்புரிமைச் சட்ட வல்லுநர் ஓவன் டீன் 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தோண்டி எடுத்தார். ஆசிரியர் தன் வாழ்நாளில் உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது அவருடைய சட்டப் பிரதிநிதியிடம் திரும்பிவிடும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. எழுத்தாளர்களின் வாரிசுகள் வறுமையில் விழுவதைத் தடுக்க வந்த விதி. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரால் அதை அழைப்பதும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் முழுக்க அந்தச் சட்டம் பரவியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1916-இன் சட்டம் வழியே அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் 1914-இன் சட்டம் வழியே வந்தது.

லிண்டா இறந்தது 1962. எனவே 1987-இல் உரிமை திரும்பியிருக்க வேண்டும். மனைவியும் மகள்களும் போட்ட கையெழுத்துகள்? திரும்பிவரும் உரிமை நேராக வாரிசுகளிடம் போகாது, இறந்தவரின் சொத்து நிர்வாகியிடம்தான் போகும். நிர்வாகியோ அதுவரை எதிலும் கையெழுத்திடவில்லை. ஆகவே அந்தத் தாள்கள் இந்த உரிமையைத் தொடவே இல்லை என்பது டீனின் வாதம். மிக நுட்பமான வாதம், மிக எளிமையானதும்கூட.

சொத்துக்கு நிர்வாகி ஒருவர் நியமிக்கப்பட்டார். 2004-இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் டிஸ்னி மீது வழக்கு தொடரப்பட்டது. கோரிய தொகை 16 லட்சம் டாலர். வெளிநாட்டு நிறுவனத்தை உள்ளூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர அதன் சொத்து ஏதாவது அந்நாட்டில் இருக்க வேண்டும். அதற்காகத் தென்னாப்பிரிக்காவில் பதிவாகியிருந்த டிஸ்னியின் இருநூறுக்கும் மேற்பட்ட வணிகச் சின்னங்களை முடக்கும் ஆணை பெறப்பட்டது. மிக்கி மவுஸும் டொனால்ட் டக்கும் அதில் அடக்கம். ஆணையை நீக்க டிஸ்னி செய்த முயற்சி தோற்றது. ஒரு காலத்தில் பத்து ஷில்லிங் கொடுத்த அதே காலோ நிறுவனம் இம்முறை குடும்பத்தின் பக்கம் நின்று செலவுக்குக் கைகொடுத்தது. தென்னாப்பிரிக்க அரசும் உதவியது.

உடன்பாடு

விசாரணை தொடங்கவிருந்த 2006 பிப்ரவரியில், டிஸ்னிக்கு உரிமம் வழங்கியிருந்த அபிலீன் இசைப் பதிப்பகம் குடும்பத்துடன் சமரசத்துக்கு வந்தது. கடந்த காலத்துக்கு ஒரு தொகை, இனி வரும் வருமானத்தில் பங்கு, லிண்டா இணை ஆசிரியர் என்ற அங்கீகாரம். பணம் ஓர் அறக்கட்டளை வழியே வரும். தொகை வெளியிடப்படவில்லை.

சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது சரியான முடிவா? சரி என்றே நினைக்கிறேன். திரும்பிவரும் உரிமை பழைய பேரரசு நாடுகளில் மட்டுமே செல்லும்; பெரும்பணம் புரண்ட அமெரிக்காவில் அந்த விதிக்கு வேலை இல்லை. வென்றாலும் பன்னாட்டு ராயல்டி கிடைத்திருக்காது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி லிண்டாவின் பதிப்புரிமைக் காலமே 2012-உடன் முடிந்துவிடும். மேல்முறையீடுகளில் அந்த ஆறு ஆண்டுகளும் கரைந்திருக்கலாம். மகள்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அதே சமயம் இதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது: தீர்ப்பு எழுதப்படவில்லை. டீனின் வாதத்தை எந்த நீதிபதியும் முழு விசாரணைக்குப் பின் உறுதி செய்யவில்லை. இதே நிலையில் இருந்த மற்ற ஆப்பிரிக்கக் கலைஞர்களின் குடும்பங்களுக்கு முன்னுதாரணமாகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

என்ன மாற வேண்டும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுபவரின் பெயரோடு ஆக்கியவரின் பெயரையும் அன்றே எழுதிக்கொள்வது முதல் வேலை. நாட்டுப்புறக் கலைஞர்களிடம் பாட்டுச் சேகரிப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 'இது உங்கள் ஊர்ப் பாட்டா, நீங்கள் கட்டியதா' என்று கேட்டு, விடையைப் பதிவின் தொடக்கத்திலேயே ஒலியாகச் சேர்த்துவிடலாம். 'ஆசிரியர் தெரியவில்லை' என்று எழுதும் உரிமை, தேடிப் பார்த்தவருக்கே உண்டு. 1951-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் லிண்டாவைக் கண்டுபிடித்திருக்கலாம்.

உரிமையை ஒரேயடியாக விற்கும் ஒப்பந்தம் செல்லும் வரை, பலவீனமானவர் அதில்தான் கையெழுத்திடுவார். அந்தக் கதவை அடைக்கச் சட்டம்தான் வேண்டும். இந்தியாவில் 2012-இல் வந்த பதிப்புரிமைத் திருத்தம் அந்தத் திசையில் போகிறது: திரைப்படத்துக்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. திரும்பும் உரிமையைத் தந்த 1911-இன் விதியை நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டது எனக்கு இன்றும் விளங்காத முடிவு.

வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கும்போது, அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லும் தனி வழக்கறிஞர் ஒருவர் உடன் இருந்தாரா என்பது பத்திரத்திலேயே பதிவாக வேண்டும். அது இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது என்று வைத்தால் 1983-உம் 1992-உம் நிகழ்ந்திருக்காது.

சமரசம் செய்வோருக்கு ஒன்று. 2006-இன் உடன்பாடு 2017 வரைக்குமானதாக இருந்தது. 'லயன் கிங்' புதிய தொழில்நுட்பத்தில் மீண்டும் எடுக்கப்பட்டு, அதே பாட்டோடு திரைக்கு வந்தது 2019-இல். பங்கு கேட்கும்போது ஆண்டைக் குறித்துக்கொண்டால் எதிர்த்தரப்பு அந்த ஆண்டு வரை காத்திருந்தால் போதும். பாட்டு பயன்படும் காலம் வரை என்று எழுதி வாங்குவதும், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைக் குடும்பத்தாரே பார்க்கும் உரிமையைச் சேர்ப்பதும் முன்பணத்தைவிட முக்கியம். அதற்காக முன்பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தாலும் குறைத்துக்கொள்ளலாம்.